கரையோரக் கமக்காரரும் அரசாங்க மானியமும்

பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான், தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான் என்பது நம் முன்னோர் மொழி. பனை பலன் தருவதற்குள் ஒரு தலைமுறை கழிந்துவிடும். தென்னையோ வைத்தவனுக்கே பலன் தந்துவிடும் என்பது இதன் கருத்து. உண்மைதான். ஆயினும், நட்ட கன்று காய்க்கும் வரையில் நட்டவன் எதைத் தின்பான் என்ற வினாவுக்குப் பழமொழி விடை கூறவில்லை. நெட்டைத் தென்னை காய்க்கத் தொடங்க ஆறேழு ஆண்டுகள் செல்லும். அதுவரையில் கன்றுக்கு நீர் வேண்டும், உரம் வேண்டும், மாடு கடியாமல் வேலி வேண்டும். கமக்காரனுக்கோ நாளாந்தம் உலை வைக்க அரிசி வேண்டும். இந்த இடைவெளியை நிரப்புவதற்கு இக்காலத்து அரசுகள் கண்ட வழிகளுள் ஒன்றுதான் மானியம்.

மானியம் என்னும் சொல் நமக்குப் புதியதன்று. முற்காலத்தில் கோயிலுக்கும் ஊர்ப்பணி செய்தோருக்கும் வரியின்றி விடப்பட்ட நிலத்தையே மானியம் என்றனர். அன்று மானியம் என்றால் நிலம். இன்று மானியம் என்றால் பணம், அல்லது பணம் பெறுமதியான பொருள். ஆனால் அந்தப் பணம் இன்றும் பெரும்பாலும் நிலத்தின் பின்னாலேயே செல்கின்றது. இதனால் விளையும் நன்மை தீமைகளை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மானியத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் தொகையைப் பற்றியே பேசுகின்றனர். இவ்வளவு கூட்டினார்கள், அவ்வளவு குறைத்தார்கள் என்பதே பத்திரிகைகளிலும் தேநீர்க் கடைகளிலும் பேச்சு. நம் கருத்தில், தொகையைக் கேட்குமுன் கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று உள. மானியம் எந்த வடிவில் வருகின்றது? எந்தக் காலத்தில் வருகின்றது? எவர் கைக்கு வருகின்றது? புத்தளம் மாவட்டத்துக் கரையோரத்தைத் தெற்கே மகா ஓயாவிலிருந்து வடக்கே கற்பிட்டி வரை பார்த்துக்கொண்டு செல்வோமாயின், இம்மூன்று வினாக்களுக்கும் மூன்று பாடங்கள் கிடைக்கின்றன.

தெற்கே தென்னஞ்சோலை

வென்னப்புவ, மாரவில, மாதம்பை, சிலாபம் என்று செல்லும் வீதியின் இருமருங்கிலும் தென்னையே கண்ணுக்குத் தெரியும். குருநாகல், புத்தளம், கம்பகா ஆகிய மாவட்டங்கள் அடங்கிய தெங்கு முக்கோணத்தின் கடலோரப் பகுதி இது. தெங்கு ஆராய்ச்சி இம்மாவட்டத்திலேயே, லுணுவிலவில், நடைபெறுகின்றது என்பதை நம் மாணவருட் பலர் அறியார். 1929 ஆம் ஆண்டில் ஆராய்ச்சித் திட்டமாகத் தொடங்கிய அப்பணி, 1950 ஆம் ஆண்டின் சட்டத்தினால் தெங்கு ஆராய்ச்சி நிறுவகமாயிற்று. 1971 ஆம் ஆண்டின் தெங்கு அபிவிருத்திச் சட்டத்தின் வழியாகத் தெங்குப் பயிர்ச்செய்கைச் சபை தோன்றியது. கன்று நடுவோருக்கும், முதிர்ந்த மரங்களுக்கிடையே கீழ்நடுகை செய்வோருக்கும், ஊடுபயிர் இடுவோருக்கும், மண்ணின் ஈரங்காக்கக் குழி வெட்டிப் பொச்சுமட்டை புதைப்போருக்கும் இச்சபையின் வழியாகவே உதவி வருகின்றது. கற்பகத் தருவின் பெயரால் 'கப்ருக' என வழங்கும் சலுகைக் கடன் திட்டமும் இதனுடையதே.

இவ்வுதவியின் வடிவத்தை நாம் கவனிக்க வேண்டும். தொகை முழுவதும் ஒரே நாளில் கையில் கொடுக்கப்படுவதில்லை. கன்று நட்டபின் ஒரு பகுதி, உத்தியோகத்தர் வந்து பார்த்துக் கன்று செழித்திருப்பதைக் கண்டபின் மற்றொரு பகுதி எனத் தவணைகளாக வருகின்றது. ஒரு மரத்தின் ஆயுள் அறுபது ஆண்டுகள் எனக் கொண்டால், அதன் முதல் ஆறேழு ஆண்டுகளே கமக்காரனுக்குச் சோதனைக் காலம். அச்சோதனைக் காலத்தைப் பங்கு போட்டுக்கொள்வதாக மானியம் அமைந்திருப்பது பொருத்தமே. வாங்கிய பணத்தை வேறு செலவுக்குத் திருப்பிவிட்டுக் கன்றை வாடவிடுவதற்கும் இதனால் இடமில்லை.

காய்க்கும் மரத்துக்கு வேண்டியது வேறு வகை உதவி. நன்கு வளர்ந்த தென்னை ஒன்றுக்கு ஆண்டுதோறும் ஏறக்குறைய 3 கிலோ உரக்கலவை இட வேண்டும் என்பர். யூரியா, எப்பாவலப் பொசுபேற்று, பொட்டாசு ஆகியவை சேர்ந்ததே அக்கலவை. ஓர் ஏக்கரில் 64 மரங்கள் நிற்குமாயின் அதற்கு வேண்டிய உரம் ஏறக்குறைய 190 கிலோ. அதாவது 50 கிலோ மூடைகள் நான்கு. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின் பின் உரவிலை எட்டாத உயரத்துக்குப் போயிற்று. தோட்டக்காரர் பலர் உரமிடுவதையே கைவிட்டனர். வறட்சியும் வெண்ணிற ஈயும் சேர்ந்துகொண்டன. விளைவு நம் சமையலறைகளிலேயே தெரிந்தது. 2024 ஆம் ஆண்டின் இறுதியிலும் 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் ஒரு தேங்காயின் விலை 200 ரூபாயைத் தாண்டியதை எந்த இல்லத்தரசியும் மறந்திருக்கமாட்டார். இதனையடுத்து, ரஷ்யா நன்கொடையாக வழங்கிய 55,000 தொன் பொட்டாசு உரத்தின் ஒரு பகுதியைக் கொண்டு தென்னை உரக்கலவை செய்து, 50 கிலோ மூடை ஒன்றை 4,000 ரூபாய்க்குக் கொடுக்கும் திட்டம் 2025 இல் தொடங்கப்பட்டது. மேற்கூறிய கணக்கின்படி ஓர் ஏக்கருக்கு 16,000 ரூபாய் செலவாகும்.

ஆனால் இன்று இட்ட உரம் நாளையே காயாகிவிடாது. பாளை வெடித்துக் காய் முற்றுவதற்கே ஏறக்குறைய ஓராண்டு செல்கின்றது. இவ்வாண்டின் வறட்சி அடுத்த ஆண்டின் பறிப்பிலேதான் தெரியும். இவ்வாண்டின் உரமும் அவ்வாறே. ஆகவே தென்னைக்கு மானியம் கொடுக்கும் அரசு, மரத்தைப் போலவே பொறுமையுடையதாக இருத்தல் வேண்டும். ஓராண்டு கொடுத்து மறு ஆண்டு நிறுத்தும் மானியத்தால் தென்னைக்குப் பெரும் பயன் இல்லை.

இடையே நெல் வயல்

தப்போவக் குளத்தின் கீழும் மீ ஓயா, தெதுறு ஓயா ஆகியவற்றை அடுத்தும் நெல் விளைகின்றது. இங்கே காலம் வேறு. தென்னை ஆண்டுக் கணக்கில் பொறுத்திருக்கும். மூன்று, மூன்றரை மாத நெல்லோ வாரக் கணக்கிலும் பொறாது. அடிக்கட்டுப் பசளை விதைப்போடு வர வேண்டும். மேற்கட்டுப் பசளை பயிர் கிளைக்கும் பருவத்தில் வர வேண்டும். பருவம் தப்பிய யூரியா பயிருக்கும் உதவாது, கமக்காரனுக்கும் உதவாது.

நெல்லுக்கு அரசின் துணை பல வடிவங்களில் வந்ததை நம் நாட்டு வரலாறு காட்டுகின்றது. 1948 ஆம் ஆண்டின் உத்தரவாத விலைத் திட்டம் விளைந்த நெல்லை நிச்சயித்த விலைக்கு வாங்குவதாக உறுதி கூறியது; அது அறுவடைக்குப் பின் வரும் உதவி. 1962 இல் தொடங்கிய உரமானியம் விதைப்புக் காலத்தில் வரும் உதவி. 1990 இல் அது நிறுத்தப்பட்டது. 1994 இல் மீண்டும் வந்தது. 2005 ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 50 கிலோ மூடை 350 ரூபாய்க்குக் கிடைத்தது. 2016 இல் மூடைக்குப் பதிலாகக் காசு கொடுத்தனர். 2018 இல் மறுபடியும் மூடைக்குத் திரும்பினர். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் தடை நீங்கியதாயினும் காலம் கடந்துவிட்டது. 2021/22 பெரும்போகத்தின் நெல் விளைவு முந்திய பெரும்போகத்தைவிட மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைந்தது. பின்னர் மானியம் மீண்டும் காசாயிற்று. 2024/25 பெரும்போகத்திலிருந்து ஹெக்டேருக்கு 15,000 ரூபாயாக இருந்த தொகை 25,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஏக்கர்க் கணக்கில் இது ஏறக்குறைய 10,000 ரூபாய்.

மூடை நல்லதா, காசு நல்லதா என்ற வாதம் முடிவற்றது. மூடை கொடுத்தால் அது வேறு கைக்கு விற்கப்படலாம். தேவைக்கு மேலும் வயலில் கொட்டப்படலாம். காசு கொடுத்தால் கமக்காரன் தன் வயலுக்கு வேண்டியதைத் தானே தெரிந்து வாங்கலாம்; ஆனால் காசு காலந்தாழ்த்தி வந்தால் அவன் கடைக்காரனிடம் கடனுக்கு உரம் எடுத்து, அறுவடை முடிந்ததும் அவன் சொன்ன விலைக்கே நெல்லைக் கொடுக்க நேரும். அப்பொழுது மானியம் கமக்காரனுடைய வங்கிக் கணக்கில் நுழைந்து கடைக்காரனுடைய பெட்டிக்குள் போய்விடுகின்றது. ஆகவே தொகையிலும் முக்கியமானது திகதி. இன்ன வாரத்துக்குள் இன்ன தவணை என்று போகம் தொடங்குமுன்பே அறிவித்து அதனைத் தவறாமற் காப்பாற்றும் அரசு, சிறு தொகை கொடுத்தாலும் கமக்காரன் மனத்தில் இடம் பெறும்.

வடக்கே மணற்றோட்டம்

பாலாவியைக் கடந்து மேற்கே திரும்பி நுரைச்சோலை, ஆலங்குடா வழியாகக் கற்பிட்டிக்குச் செல்லும் வழியில் நிலத்தின் தோற்றமே மாறுகின்றது. ஒருபுறம் புத்தளம் களப்பு, மறுபுறம் இந்துமா கடல். இடையே மெல்லிய மணல் நிலம். மழை குறைந்த இந்த மண்ணில் வெங்காயம், மிளகாய், கத்தரி, பீற்றூட், வத்தகை என்று ஆண்டு முழுவதும் விளைகின்றன. கொழும்புச் சந்தைக்கும் தம்புள்ளைச் சந்தைக்கும் இங்கிருந்து லொறிகள் செல்கின்றன. மணலைப் பொன்னாக்கிய உழைப்பு என்று இதனைச் சொன்னால் மிகையாகாது.

இந்த உழைப்புக்கு ஆதாரம் மணலின் அடியில் மிதக்கும் நன்னீர். பெய்த மழை மணலினூடே இறங்கி, கீழுள்ள உவர்நீரின்மேல் மென்மையான வில்லையாகத் தங்கியிருக்கின்றது. கிணறுகள் யாவும் அந்த வில்லையிலிருந்தே நீர் எடுக்கின்றன. இனி உரத்தின் கதையைப் பார்ப்போம். மணல் எதனையும் பிடித்து வைக்காது. இட்ட யூரியாவிற் பயிர் உண்டது போக எஞ்சியது நைத்திரேற்றாகி, பாய்ச்சிய நீரோடு கீழிறங்கிக் கிணற்றைச் சேர்கின்றது. அதே கிணற்று நீரை மறுநாள் இறைக்கிறார்கள், மேலும் உரம் இடுகிறார்கள், அதுவும் இறங்குகின்றது. இவ்வாறு ஆண்டுதோறும் சுற்றிச் சுற்றிச் சேர்வதால் கற்பிட்டிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை 1980களிலேயே ஆய்வாளர் அளந்து கண்டனர். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. இவ்வளவு மீறினால் முதலில் தாக்கப்படுவது கைக்குழந்தையே. அதன் குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பூக்கும். தாய்மார் ஒன்றை நினைவில் வைத்தல் நன்று. கிருமியைக் கொல்வது போல நைத்திரேற்றைக் கொதிக்க வைத்துப் போக்கிவிட முடியாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும்.

உரத்தை மாத்திரம் மலிவாக்கும் மானியம் இத்தகைய நிலத்தில் இருமுனைக் கத்தியாகின்றது. மலிவான பொருளை எவரும் அளந்து இடுவதில்லை. அரசு ஒரு கையால் மூடையை மலிவாக்கி, மறுகையால் குடிநீர் வண்டி அனுப்ப வேண்டிய நிலை வரலாம். இதே பணத்தை மண் பரிசோதனைக்கும், எருவுக்கும், சொட்டு நீர்ப்பாசனக் குழாய்க்கும் கொடுத்தால் பயிரும் பிழைக்கும், கிணறும் பிழைக்கும். மானியத்தின் வடிவம் நிலத்துக்கு நிலம் மாற வேண்டும் என்பதற்குக் கற்பிட்டியைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

யார் கைக்கு?

மூன்றாவது வினாவே மிகக் கடினமானது. 1958 ஆம் ஆண்டில் பிலிப் குணவர்தன விவசாய அமைச்சராக இருந்தபோது நிறைவேறிய நெற்காணிச் சட்டம், பிறர் வயலை வாரத்துக்குச் செய்த குடியானவனுக்கும் ஓர் உரிமையைக் கொடுத்தது. அதன் வழிவந்த ஏற்பாடுகளினால், வயலின் சொந்தக்காரன் பெயர் மட்டுமன்றி அதனைச் செய்கை பண்ணுபவன் பெயரும் கமநலப் பதிவேட்டில் ஏற வழியுண்டு. பெயர் ஏறினால் மானியமும் வரும். ஆனால் அச்சட்டம் நெல் வயலுக்கே உரியது. மேட்டு நிலத்தில், தென்னந்தோட்டத்தின் வெறுமையான பகுதியில், ஒரு போகத்துக்கோ இரண்டு போகத்துக்கோ வாய்ப்பேச்சில் குத்தகை எடுத்து மிளகாயும் வெங்காயமும் செய்பவனுக்கு அத்தகைய காப்பு இல்லை. உறுதி அவன் கையில் இல்லை. ஒப்பந்தக் காகிதமும் இல்லை. பயிர் அவனுடையது, கடன் அவனுடையது, நட்டமும் அவனுடையது. பதிவேட்டில் மட்டும் அவன் பெயர் இல்லை.

புத்தளத்தில் இது சிறு தொகையினரின் பிரச்சினை அன்று. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெரும்பாலோர் வந்து தங்கியது இம்மாவட்டத்திலேதான். ஊரில் காணி வைத்திருந்தோர் இங்கே பிறர் தோட்டங்களிற் கூலிக்கும் குத்தகைக்கும் உழைத்தனர். அவர்களோடு, காணியின்றி நெடுங்காலமாக இக்கரையோரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களும், சிங்கள, முஸ்லிம் குடும்பங்களும் இந்த மணலிலேயே வியர்வை சிந்துகின்றன. கணவன் கடலுக்குப் போக, மனைவி தோட்டம் செய்யும் வீடுகளும் உள. காணி அவள் பெயரில் இல்லையென்றால் அவளும் கணக்கில் வராள்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. அமெரிக்காவில் 1933 ஆம் ஆண்டில், பருத்தி விலை வீழ்ந்தபோது, பயிரிடும் பரப்பைக் குறைத்தால் அரசாங்கம் பணம் தரும் என்று சட்டம் வந்தது. பணம் நிலவுடைமையாளர் கையில் சென்றது. வாரத்துக்குச் செய்த குடியானவருக்குப் பங்கு கொடுக்க வேண்டும் என்று விதி இருந்தும், பலருக்கு அப்பங்கு கிடைக்கவில்லை. நிலம் தரிசாக விடப்பட்டதால் குடியானவர் தேவையற்றவராகி வெளியேற்றப்பட்டனர். வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றுசேர்ந்து 1934 இல் ஆர்க்கன்சா மாநிலத்தில் தென்பகுதிக் குத்தகைக் கமக்காரர் சங்கத்தை அமைத்தது இந்த அநீதியினாலேயே. நல்லெண்ணத்தோடு கொடுத்த மானியம், ஏழையை நிலத்திலிருந்து துரத்தவும் கூடும் என்பதற்கு இது வரலாறு காட்டும் சாட்சி.

அயலிலுள்ள இந்தியாவிலும் இதே வினா எழுந்தது. 2019 இல் தொடங்கிய பிரதமர் கிசான் திட்டம், ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளாக விவசாயக் குடும்பத்தின் வங்கிக் கணக்கிலேயே நேராகச் சேர்க்கின்றது. தரகர் இல்லை என்பது அதன் சிறப்பு. ஆனால் நிலவுடைமை உள்ள குடும்பத்துக்கே அது உரியது, குத்தகைக்காரனுக்கு இல்லை. அதே காலத்தில் ஒடிசா மாநிலம் வகுத்த 'காலியா' என்னும் திட்டமோ வாரத்துக்குச் செய்வோரையும் நிலமற்ற விவசாயக் குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டது. உறுதி இல்லாதவனை இனங்காணுதல் கடினமாயினும், இயலாததன்று என்பதை இது காட்டிற்று.

நாம் செய்யத்தக்கவை

குறை கூறுதல் எளிது. வழி காட்டுதலே கடன். நமக்குத் தோன்றியவற்றை இங்கே சுருக்கமாகக் கூறுவோம்.

முதலாவது, காணிப் பதிவேட்டோடு செய்கைப் பதிவேடு ஒன்றும் மேட்டு நிலப் பயிருக்கு வேண்டும். இந்தப் போகத்தில் இந்தத் தோட்டத்தில் இன்ன பயிர் செய்பவர் இவர் என்று கிராம உத்தியோகத்தரும் கமக்காரர் அமைப்பும் சேர்ந்து உறுதிப்படுத்தினால் போதும். குத்தகைக்காரன் பெயர் எழுதப்பட்டால் தம் உரிமை போய்விடுமோ எனச் சொந்தக்காரர் அஞ்சுவர். அவ்வச்சம் நீங்கும்படி, இப்பதிவு உரிமைக்குச் சான்றாகாது, மானியத்துக்கும் பயிர்க் காப்புறுதிக்கும் மட்டுமே உரியது என்று சட்டமே கூறலாம்.

இரண்டாவது, மானியப் பட்டியலும் தவணைத் திகதிகளும் கமநல சேவை நிலையத்தின் சுவரில் யாவரும் வாசிக்கும்படி தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டப்பட வேண்டும். தனக்கு என்ன வரவேண்டும் என்று அறிந்தவனை ஏமாற்றுவது கடினம்.

மூன்றாவது, மணற்பாங்கான நிலத்தில் உரத்துக்கு மட்டும் கொடுக்கும் மானியத்தைக் குறைத்து, எருவுக்கும் நீர்ச் சிக்கனத்துக்கும் மண் பரிசோதனைக்கும் கூட்டிக் கொடுக்க வேண்டும். குறைக்கும்போது மாற்றுவழி கையில் வந்த பின்னரே குறைக்க வேண்டும். மாற்றில்லாமல் ஒரே இரவில் நிறுத்தியதன் விலையை 2021 இல் நாடு முழுவதும் கொடுத்தது.

நான்காவது வேண்டுகோள் நம் மாணவருக்கு. கல்லூரிக்கு வரும் பிள்ளைகள் பலருடைய பெற்றோர் இன்றும் மானிய விண்ணப்பத்தைப் பிறரைக் கொண்டு நிரப்புகின்றனர். நிரப்பிக் கொடுப்பவருக்கும் அதில் ஒரு பங்கு போகின்றது. படித்த பிள்ளை அந்த விண்ணப்பத்தைத் தானே வாசித்து, தந்தைக்கும் அயலவருக்கும் விளக்கி, நிரப்பிக் கொடுத்தால் அதுவே பெரிய நாட்டுப்பணி. இரசாயனம் பயிலும் மாணவர் தம் ஊர்க் கிணற்று நீரைப் போகத்துக்கு ஒருமுறை பரிசோதித்து அளவைக் குறித்து வைப்பாராயின், எந்தக் கிணற்று நீரைக் குழந்தைக்குக் கொடுக்கலாம், எதனைத் தோட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பது ஊருக்குத் தெரியவரும்.

மானியம் பிச்சையன்று. நாம் அனைவரும் உண்ணும் உணவுக்காக ஒருவன் தனியே சுமக்கும் ஆபத்தில் நம் பங்கை நாமும் சுமப்பதே மானியம். அந்தப் பங்கு தென்னைக்குப் பொறுமையோடும், நெல்லுக்கு உரிய நாளிலும், மணற்றோட்டத்துக்கு அதன் கிணற்றைக் கெடுக்காத வகையிலும் போய்ச்சேர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது மண்ணில் நிற்பவன் கையை அடைதல் வேண்டும். அடுத்த போகத்துக்கான பதிவு தொடங்குமுன், கற்பிட்டி மணலில் உறுதியின்றி உழைக்கும் ஆணும் பெண்ணும் தம் பெயரை அதிற் காணும்படி ஆவன செய்வது அதிகாரிகளின் கடமை. அதனை இடைவிடாது கேட்டுக்கொண்டிருப்பது நம் கடமை.